விபத்தில் சிக்கிய பிள்ளையின் கழுத்து

ஆண்டு மலருக்கு உடல்நலம் குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நீரிழிவு, இரத்த அழுத்தம், மாரடைப்பு இம்மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்கறிந்த மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். நான் வட மலேசியாவில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அங்கே பெற்றோர்கள் என்னிடம் கோபத்தோடு கேட்ட கேள்விகளில் இரண்டு இன்னும் காதில் ஒலிக்கின்றன. அப்போது நின்று பதில் சொல்ல நேரம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

முதல் கேள்வி: "பிள்ளை கார் விபத்தில் அடிபட்டு வந்திருக்கிறது, ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் வீட்டுக்கு அனுப்புகிறீர்களே?" இரண்டாம் கேள்வி: "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறீர்கள், பிறகு ஏன் கழுத்துப் பட்டையை அவிழ்க்க மறுக்கிறீர்கள்?" இவை ஒன்றுக்கொன்று எதிரான கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். பிள்ளையின் கழுத்துக்குத் தீர்ப்பு சொல்வது படம் மட்டும் அன்று. மருத்துவரின் விரல்களும், பிள்ளையின் வாய்ச்சொல்லும், சில வேளைகளில் ஓர் இரவுக் காத்திருப்பும் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பைச் சொல்கின்றன.

இரண்டாவது கேள்வியைக் கேட்ட தந்தை ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு அது. அவருடைய ஆறு வயது மகன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது ஒரு வேன் இடித்து, பையன் சாலையோரப் புல்லில் தூக்கி எறியப்பட்டான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த வழியாக வந்த நல்ல மனிதர்கள், ஆம்புலன்சுக்குக் காத்திராமல், ஒருவர் கைகளையும் ஒருவர் கால்களையும் பிடித்துத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. பதறிய நேரத்தில் யாருக்கும் அதுதான் தோன்றும்.

தொடைக்கு ஊசி போட்டு, கழுத்துக்குப் பட்டை கட்டி, பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகள் வரிசையாக, உடைவில்லாமல் இருந்தன. பையனுக்குப் பட்டை பிடிக்கவில்லை, அழுதான். அவனுடைய பாட்டி ஒரு சின்னப் புட்டியில் தைலம் கொண்டுவந்திருந்தார். "கழுத்துல சுளுக்குத்தான் இருக்கும், ரெண்டு நீவு நீவுனா விட்டுரும்" என்றார். தந்தையோ என்னைப் பார்த்து, "படத்துல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு மிஸ்ஸி. அப்புறம் எதுக்கு இதக் கட்டி வெச்சுப் புள்ளய அழ வெக்கிறீங்க?" என்று கேட்டார். "அண்ணே, காலையில பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்துட்டுத்தான் அவிழ்ப்பாங்க. பாட்டி, தயவுசெஞ்சு கழுத்தத் தொடாதீங்க" என்பதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டியது இதுதான்.

பெரியவர்களின் கழுத்தைச் சிறிதாக்கினால் பிள்ளையின் கழுத்து ஆகிவிடாது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். மெல்லிய தண்டின் நுனியில் கனமான பழம் தொங்குவதுபோல் பிள்ளையின் தலை கழுத்தின்மேல் இருக்கிறது. கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வலுவில்லை. எலும்புகளை இணைக்கும் நார்கள் நெகிழ்ந்தவை. எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுகளும் பெரியவர்களுக்குப்போலச் சரிவாக இல்லாமல் தட்டையாக இருப்பதால், எளிதில் முன்னும் பின்னும் வழுக்கும். கார் திடீரென்று நின்றால் பெரியவரின் கழுத்து அதன் கீழ்ப்பகுதியில் மடிகிறது. சிறு பிள்ளையின் கழுத்தோ மேல்பகுதியில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, முதல் மூன்று எலும்புகளின் அருகில் மடிகிறது. ஆகவே எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கழுத்துக் காயம் பெரும்பாலும் மேலேதான் ஏற்படுகிறது. மூச்சை இயக்கும் நரம்புகள் தண்டுவடத்தை விட்டுக் கிளம்பும் இடமும் அதையொட்டியே இருப்பதுதான் அச்சத்துக்குக் காரணம். எட்டு, பத்து வயதுக்குப் பிறகு பிள்ளையின் கழுத்து மெல்ல மெல்லப் பெரியவர்களின் கழுத்தைப்போல ஆகிவிடுகிறது.

இந்த நெகிழ்ச்சிக்கு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லது, பிள்ளைகளின் கழுத்தெலும்பு எளிதில் உடைவதில்லை. கெட்டது, உடையாமலே உள்ளிருக்கும் தண்டுவடத்தைக் காயப்படுத்திவிடும். பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடரை இரண்டு அங்குலம் வரை இழுத்தாலும் அது தாங்குமாம். ஆனால் அதனுள் ஓடும் தண்டுவடம் கால் அங்குலம் இழுபட்டாலே அறுந்துவிடும் என்று மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ரப்பர் குழாய்க்குள் ஒரு நூலை இரண்டு பக்கமும் கட்டிவைத்து, குழாயை இழுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்த கையை விட்டதும் குழாய் பழைய அளவுக்குத் திரும்பிவிடும், வெளியே ஒரு கீறலும் தெரியாது. நூல் என்ன ஆயிற்று என்பதை அதன் வெளித்தோற்றம் சொல்லாது.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாங், வில்பெர்கர் என்னும் இரண்டு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதி, எக்ஸ்ரேயில் தெரியாத தண்டுவடக் காயம் என்று இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அவர்கள் பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கைகால் பலவீனம் உடனே தோன்றவில்லை. நான்கு நாள் வரைகூடத் தாமதித்துத் தோன்றியது. அவர்களில் பெரும்பாலோருக்கு விபத்து நடந்த நொடியில் ஒரு மரத்துப்போன உணர்வோ, கூச்சமோ, கைகால் வராததுபோன்ற உணர்வோ வந்து மறைந்திருந்தது. இந்த ஒரு செய்திக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் என்றாலும் தகும். இப்போது எம்.ஆர்.ஐ. வந்துவிட்டதால் அன்று கண்ணுக்குத் தெரியாத காயங்களில் பல இன்று தெரிகின்றன.

எக்ஸ்ரே படத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ள காயத்தைக் காட்டாமல் விடுவது போதாதென்று, இல்லாத காயத்தையும் அது காட்டும். சிறு பிள்ளைகளுக்கு இரண்டாவது கழுத்தெலும்பு மூன்றாவதற்கு மேல் சற்று முன்னால் நகர்ந்திருப்பது போலப் படத்தில் தெரிவது இயல்பு. அனுபவமில்லாதவர் பார்த்தால் எலும்பு விலகிவிட்டது என்று பதறிவிடுவார். அனுபவம் உள்ளவர் முதல் எலும்பின் பின்வளையத்திலிருந்து மூன்றாவதின் பின்வளையத்துக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்து, நடுவிலுள்ள எலும்பின் வளையம் அக்கோட்டை ஒட்டி இருந்தால் இது வளர்ச்சியின் இயல்பு என்று முடிவு செய்வார். எலும்பு இன்னும் முழுதாக ஒட்டி வளராத இடங்களும் கோடு கோடாக, உடைந்ததுபோலவே தெரியும்.

இனி அந்தப் பையனிடம் வருவோம். தொடை முறிந்த பிள்ளையிடம் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். பெரிய வலி சிறிய வலியை மறைத்துவிடும். போதாததற்கு வலிநிவாரணி ஊசி வேறு போட்டிருக்கிறது. அதனால்தான் பட்டையை அவிழ்க்காமல் விடிய வைத்திருந்தார்கள். விடியற்காலை நான்கு மணி இருக்கும். பையன் விழித்துக்கொண்டு, "மிஸ்ஸி, கையில எறும்பு ஓடுது" என்றான். கட்டில் விரிப்பைப் பார்த்தேன். எறும்பு ஒன்றுமில்லை. என் இரண்டு விரல்களை அவன் இரண்டு கைகளிலும் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இடது கை இறுக்கியது. வலது கை இறுக்க முயன்றது.

பணியிலிருந்த மருத்துவரை எழுப்பினோம். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் கழுத்தின் பின்புற நார்களில் கிழிவும், தண்டுவடத்தில் சிறு வீக்கமும் இருந்தன. தந்தை என்னிடம் பிறகு சொன்னார்: சாலையில் விழுந்த உடனே பையன், "அப்பா, கால் காணோம்" என்று கத்தினானாம். ஒரு நிமிடத்தில் கால் அசைந்துவிட்டது. "ஒடனே சரியாப் போச்சு மிஸ்ஸி, அதனால டாக்டர் கிட்ட சொல்லல" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "நினைவு இருந்ததா, வாந்தி எடுத்தானா" என்று கேட்டோம். "கைகால் ஒரு கணமாவது மரத்துப்போனதா" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் பணியில் இருந்த நாள் வரை கேட்காமல் விட்டதில்லை.

மூன்று மாதம் பட்டையோடு இருந்தான். கையின் வலு திரும்பிவிட்டது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஐந்து வயதுப் பெண் குழந்தை, காரின் பின் இருக்கையில் பட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. சந்திப்பில் நின்றுகொண்டிருந்த காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. குழந்தை நன்றாகப் பேசியது, பிஸ்கட் கேட்டது. மருத்துவர் அரை மணி நேரம் அதனோடு செலவிட்டுவிட்டு, "படம் தேவையில்லை" என்றார். தந்தைக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. தனியார் மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுப்பேன் என்றார். பணம் கொடுத்து எடுப்பதுதான் அக்கறை என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் மருத்துவர் செய்தது என்ன? குழந்தையின் மூச்சையும் நாடியையும் பார்த்தார், அதுதான் எப்போதும் முதல். பிறகு அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, பேச்சுக் கொடுத்து, குழந்தை தெளிவாக இருக்கிறதா என்று கவனித்தார். நான் இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, பட்டையின் முன்பகுதியைத் திறந்து, பிடரியின் நடுக்கோட்டில் ஒவ்வோர் எலும்பாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பக்கத்துத் தசையில் வலித்தால் ஒரு பொருள், நடு எலும்பின்மேல் வலித்தால் வேறு பொருள். கைகளை இறுக்கச் சொன்னார், கால்களால் உதைக்கச் சொன்னார், தொட்ட இடம் தெரிகிறதா என்று கேட்டார். தலை சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தார். நெஞ்சிலும் தலையிலும் பெரிய அடி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் பட்டையை எடுத்துவிட்டு, குழந்தையைத் தானாகவே இடப்புறமும் வலப்புறமும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். மருத்துவர் பிடித்துத் திருப்பவே இல்லை. இன்னும் சிறிய குழந்தையாக இருந்தால் ஒரு பொம்மையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி, தலை அதன் பின்னால் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டும் குழந்தையை நம்பிவிடக் கூடாது.

இவ்வளவும் ஒரு பரிசோதனை. கண்ணாடிப் பலகையில் மாட்டிக் காட்ட முடியாததால் அது பரிசோதனையாகவே பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சி.டி. ஸ்கேனும் எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கழுத்தின் முன்னால் தைராய்டு சுரப்பி இருக்கிறது. சிறு வயதில் அதன்மேல் படும் கதிர்வீச்சு, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுகிறது. அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான், தேவைப்படும்போது அதைப் பொருட்படுத்தக் கூடாது. தேவையில்லாதபோது ஏன் ஏற்க வேண்டும்? தவிரவும், சி.டி. எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். நார்களையும் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. அளவுக்குக் காட்டாது. ஆகவே அதை எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் இல்லை.

யாருக்குப் படம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது மருத்துவரின் மனம்போன போக்கன்று. இதற்கென்று பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நெக்ஸஸ் என்னும் அமெரிக்க ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 34,069 பேரைப் பார்த்து, நடுக்கழுத்தில் தொட்டால் வலியில்லை, போதையில்லை, தெளிவாக இருக்கிறார், நரம்புக் குறைபாடு இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் இல்லை என்ற ஐந்தும் பொருந்தினால் படம் வேண்டாம் என்றது. ஆனால் அதில் பிள்ளைகள் 3,065 பேர்தான். கழுத்தில் காயமிருந்த பிள்ளைகள் 30 பேர். அந்த முப்பதில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்கள் நால்வர், இரண்டு வயதுக்குட்பட்டவர் ஒருவரும் இல்லை. பேசத் தெரியாத குழந்தைக்கு அந்த அளவுகோலை அப்படியே போடுவது எப்படி என்ற தயக்கம் மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

இந்தத் தயக்கத்தைப் பெரிதும் தீர்த்தது 2024ஆம் ஆண்டு வெளியான பெக்கார்ன் ஆய்வு. அவசரப் பிரிவில் இப்போது பணியாற்றும் இளம் மருத்துவர் ஒருவர் எனக்கு இதை விளக்கினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகளில் 22,430 பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். கழுத்துக் காயம் இருந்தவர்கள் 433 பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. பிள்ளை நினைவிழந்து கிடந்தாலோ, மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ கோளாறு இருந்தாலோ, கைகால் பலவீனம் போன்ற நரம்புக் குறைபாடு இருந்தாலோ, நேரே சி.டி. எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய பிள்ளைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் காயம் இருந்தது. இவை இல்லாமல், கழுத்து வலி, நடுக்கழுத்தைத் தொட்டால் வலி, மயக்கக் கலக்கம், தலையிலோ உடம்பிலோ பெரிய அடி இவற்றுள் ஒன்று இருந்தால் எக்ஸ்ரேயில் தொடங்கலாம். எதுவுமே இல்லாத பிள்ளைக்குப் படம் வேண்டியதில்லை. இம்முறையைப் பின்பற்றினால் சி.டி. எடுக்கப்படும் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினேழிலிருந்து ஏழாகக் குறைவார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிஸ்கட் கேட்ட அந்தக் குழந்தைக்கு எங்கள் மருத்துவர் செய்தது ஏறத்தாழ இதுவேதான், ஆய்வு வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே.

கழுத்துப் பட்டையைப் பற்றியும் கருத்து மாறியிருக்கிறது. நாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் எந்தப் பிள்ளை வந்தாலும் கெட்டியான பட்டை கட்டி, பலகையில் வாரால் இறுக்கிவிடுவோம். இன்று, திமிறி அழும் பிள்ளையைப் பலவந்தமாகக் கட்டினால் கழுத்து இன்னும் அதிகமாக அசைகிறது என்று கண்டு, அம்மாவை அருகில் வைத்துச் சமாதானப்படுத்தி, கையாலோ, இருபுறமும் சுருட்டி வைத்த துணியாலோ தலையைத் தாங்கிக்கொள்கிறார்கள். தட்டைப் பலகையில் படுக்க வைத்தால், சிறு பிள்ளையின் பின்மண்டை பெரிதாக இருப்பதால் தாடை நெஞ்சை நோக்கி மடங்கிவிடும். அதனால் தோளுக்கும் முதுகுக்கும் அடியில் மடித்த துணி விரித்து, காதும் தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்வார்கள்.

தைப்பூசத்துக்கும் மற்ற விழாக்களுக்கும் குடும்பம் குடும்பமாக நெடுஞ்சாலையில் புறப்படுகிற அன்பர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அடிபட்டுக் கிடக்கும் பிள்ளையைத் தீ, வாகனம், தண்ணீர் போன்ற வேறு ஆபத்து இல்லாவிட்டால் தூக்காதீர்கள். மடியில் தலையை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், தலையணை வைக்காதீர்கள். நம் மனம் அதைத்தான் செய்யச் சொல்லும், ஆனால் அது கழுத்தை மடக்கிவிடும். தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை அது இருக்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு பேசிக்கொண்டிருங்கள். தலை சாய்ந்திருந்தால் நேராக்க முயலாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்பது கழுத்தைவிட முக்கியம். வாந்தி எடுத்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கட்டையைப்போலச் சேர்ந்து புரளும்படி பக்கவாட்டில் திருப்புங்கள். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

நீவிவிடுவதைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் முடியாது. சுளுக்கு எடுப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. என் முதுகுவலிக்கே ஒரு மலாய் அம்மாவிடம் போயிருக்கிறேன். ஆனால் விழுந்து அடிபட்ட பிள்ளையின் கழுத்தை, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் முன், எந்தக் கைராசிக்காரரிடமும் கொடுக்காதீர்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நிற்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று திருகி மாட்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சொடுக்கி நிமிர்த்துவது பெரும் ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு அந்த இடத்து நார்கள் பிறவியிலேயே தளர்ந்தவையாக இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் சிறு அடிக்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அருவிகளில் தலைகீழாகக் குதிக்கும் பெரிய பையன்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. ஆழம் தெரியாத நீரில் மண்டை இடித்தால் கழுத்துதான் அடியை வாங்கும்.

காரில் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் சட்டமாக்கியது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு அவர்கள் உயரத்துக்கேற்ற தடுப்பு வேண்டும். கைக்குழந்தையின் இருக்கை ஏன் பின்னோக்கிப் பார்த்தபடி இருக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. முன்னோக்கி உட்கார்ந்தால் உடம்பைப் பட்டி பிடித்துக்கொள்ள, கனமான தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே சேர்த்துத் தாங்கிக்கொள்ளும்.

படம் எடுக்காமலோ, எடுத்து ஒன்றுமில்லை என்றோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த சில நாள்கள் கவனியுங்கள். கை மரத்துப்போகிறது, எறும்பு ஓடுகிறது, ஷாக் அடிக்கிறது என்றால், நடை தள்ளாடினால், தலை சாய்ந்தபடி நின்றால், பென்சிலோ கரண்டியோ கைதவறி விழுந்துகொண்டிருந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால், கழுத்து வலி கூடினால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே திரும்பிப் போங்கள். முதல் தடவை போகும்போதே, விழுந்த கணத்தில் பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டிருந்தாலும் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆம்புலன்சுக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.